வீட்டுக்கு மூளை வந்தது! அடுப்படிக்குக் காற்று வந்ததா?

கத்திரி வெயில் எல்லா ஊருக்கும் வருகிறது. ஆனால் வேலூர், ஆற்காடு, ஆம்பூர் பக்கம் அது விருந்தாளி மாதிரி வருவதில்லை. வீட்டுக்காரன் மாதிரி வருகிறது!

மத்தியானம் குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டும். மாடியில் உட்கார்ந்திருக்கும் கறுப்புத் தொட்டி, காசு வாங்காமல் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்துவிடும். இரவு 10 மணிக்குச் சுவரில் கை வைத்தால் சுடும்.

இந்த வெயிலை நம்பி ஒரு புது வியாபாரம் வந்திருக்கிறது. அதற்கு "ஸ்மார்ட் வீடு" என்று பெயர்.

சென்னை - பெங்களூர் சாலையில், ஆற்காட்டை அடுத்து இருக்கிறது மேல்விஷாரம். 2019ஆம் ஆண்டு முதல் இது ராணிப்பேட்டை மாவட்டத்து ஊர். தோலுக்குப் பேர்போன ஊர். வெளிநாட்டுச் சம்பாத்தியமும் உண்டு. இப்படிப்பட்ட ஊர்களில் புது வீடு கட்டுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இப்போது மாறிவிட்டது. "எத்தனை அறை?" என்று கேட்ட காலம் போய், "எல்லாம் செல்போனில் வேலை செய்யுமா?" என்று கேட்கிறார்கள்.

கேட்கட்டும். தப்பில்லை. ஆனால் யாருக்காக என்பதுதான் நம் கேள்வி.

360 கிலோ மூளை

முதலில், ஸ்மார்ட் வீடு என்றால் என்ன?

விளக்கு, விசிறி, ஏ.சி., தண்ணீர் மோட்டார், வாசல் பூட்டு எல்லாம் செல்போனுக்குக் கட்டுப்படும். நேரம் குறித்து வைத்தால் தானே எரியும், தானே அணையும். ஆள் வந்தால் விளக்கு போடும். ஆள் போனால் நிறுத்தும்.

இது இன்று பிறந்த ஆசை அல்ல. 1966ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஜிம் சதர்லேண்டு என்ற என்ஜினீயர் தம் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் செய்து வைத்தார். "எக்கோ 4" என்று பெயர். கடைச் சாமான் பட்டியல் எழுதும். வீட்டின் சூட்டையும் குளிரையும் கவனிக்கும். எடை சுமார் 360 கிலோ! அது கடைக்கு வரவே இல்லை.

1975இல் ஸ்காட்லாந்துக்காரர்கள் "எக்ஸ் 10" என்ற முறையைக் கொண்டு வந்தார்கள். வீட்டில் ஏற்கனவே ஓடுகிற மின்சாரக் கம்பி வழியாகவே விளக்குக்குக் கட்டளை போகும். 2017இல் பேசும் பெட்டியான அலெக்ஸா இந்தியாவுக்கு வந்தது. 360 கிலோ மூளை, உள்ளங்கையில் அடங்கிவிட்டது.

மூளை சிறுத்துவிட்டது, சரி. அது யாருக்கு வேலை செய்கிறது?

தோலுக்குக் கிடைத்த கவனம்

ஒரு வேடிக்கை பாருங்கள். ஏ.சி. மனிதனுக்காகப் பிறக்கவில்லை. 1902ஆம் ஆண்டு, அமெரிக்காவில் புரூக்ளினில் ஓர் அச்சகம். காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கியது. அச்சு கலைந்தது. அதைச் சரி செய்ய வில்லிஸ் கேரியர் என்ற என்ஜினீயர் ஒரு திட்டம் போட்டார். அதுதான் இன்றைய ஏ.சி.க்கு வித்து. காகிதம் சுகமாக இருந்தது. மனிதன் முறை பிறகுதான் வந்தது.

நம் ஊர்க் கதையும் அதுதான். பச்சைத் தோல் வெயிலில் கெட்டுவிடும் என்று உடனே உப்பு போடுகிறோம். சாயம் ஏற்றும் பீப்பாயில் தண்ணீர் எத்தனை டிகிரி என்று பார்த்துப் பார்த்து வைக்கிறோம். கொஞ்சம் தவறினாலும் சரக்கு போச்சு! வெப்பத்தை அளந்து பழகிய ஊர் இது.

அதே ஊரில் அடுப்படியில் எத்தனை டிகிரி என்று எந்த வீட்டிலாவது அளந்தது உண்டா?

2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ரமலான் நோன்பு மே மாதத்து வெயிலில் வந்தது. நினைவிருக்கும். சொட்டுத் தண்ணீர் குடிக்காமல், மாலை நேரத்தில் அடுப்பின் முன்னால் நின்று கஞ்சி காய்ச்சியது யார்? வீட்டுப் பெண்கள்தான். கூடத்தில் விசிறி ஓடியது. படுக்கை அறையில் ஏ.சி. ஓடியது. அடுப்படியில் மட்டும் ஒன்றும் ஓடவில்லை.

ஏன் என்று கேட்டால் ஒரு பதில் வரும். "விசிறி போட்டால் அடுப்பு அணைந்துவிடும்."

உண்மைதான். அதனால்தான் அடுப்படியில் மேல்விசிறி மாட்டுவதில்லை. ஆனால் சூட்டை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் விசிறி இருக்கிறதே! அடுப்புக்கு மேலே, சுவரில் உயரமாக வைத்தால் தீயைத் தொடாது. புகையையும் ஆவியையும் வெளியே அனுப்பும். அறை குறிப்பிட்ட சூட்டைத் தொட்டதும் தானே ஓடும்படி ஒரு சின்னக் கருவியும் சேர்க்கலாம். எதிரே ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் விசிறி எந்தக் காற்றை இழுக்கும்?

கூடத்தில் ஏழு நிறம் மாறும் விளக்குக்குச் செலவழிக்கிறவர்கள், முதலில் இந்த விசிறிக்குச் செலவழிக்க வேண்டும். இது என் அபிப்பிராயம். வீட்டுக்கார அம்மாவும் இதையேதான் சொல்வார். அவரை யாரும் கேட்பதில்லை!

சைரன் போதும், விசிறி வேண்டாம்

அடுப்படியில் இன்னொரு கருவியும் வைக்கிறார்கள். கேஸ் கசிந்தால் கத்தும் கருவி. நல்ல கருவி. ஆனால் பல பேர் அதைத் தலைக்கு மேலே மாட்டிவிடுகிறார்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவும். ஆகவே கருவி தரைக்குப் பக்கத்தில், அரை முழம் ஒரு முழம் உயரத்துக்குள் இருக்க வேண்டும்.

சிலர் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். "கேஸ் கசிந்தால் எக்ஸாஸ்ட் விசிறி தானே ஓடும்" என்கிறார்கள். சாதாரண விசிறியில் இப்படிச் செய்வது ஆபத்து! கேஸ் பரவிய அறையில் சுவிட்ச் போட்டால் சிறு பொறி தெறிக்கும். அது போதும். சூட்டுக்கு ஓடும் விசிறியாக இருந்தாலும், கேஸ் கசிந்தால் அது ஓடாதபடி என்ன ஏற்பாடு என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு மாட்டுங்கள். சைரன் கத்தட்டும். ஜன்னலைத் திறப்பதும் ரெகுலேட்டரை மூடுவதும் மனிதன் கையால் நடக்கட்டும்.

பொத்தான் துபாயில், பில் இங்கே

பல வீடுகளில் நடக்கிற ஒரு நாடகம் இருக்கிறது.

மகன் துபாயில். அம்மா மேல்விஷாரத்தில். மகனுக்கு அம்மா மேல் உயிர். ஏ.சி. வாங்கி, செல்போனில் இணைத்துவிட்டுப் போகிறான். அங்கே உட்கார்ந்துகொண்டு இங்கே மே மாதம் என்று பார்த்து, பொத்தானை அழுத்துகிறான். அம்மா அறையில் ஏ.சி. சில்லென்று ஓடுகிறது.

அம்மா என்ன செய்கிறார்? கரண்ட் பில்லை நினைத்து, எழுந்துபோய் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார்!

மகன் போன் செய்கிறான். "ஏம்மா நிறுத்தினீங்க?"

"குளிருதுப்பா" என்கிறார் அம்மா. வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

இதில் கருவிமேல் குற்றம் இல்லை. அம்மாவிடம் கணக்கைச் சொல்லவில்லை. அதுதான் குற்றம். ஆகவே கணக்கைப் பார்ப்போம்.

நமக்கு மின்சாரக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. ஏ.சி. மணிக்கு 1 யூனிட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு 8 மணி நேரம். 60 நாள். மொத்தம் 480 யூனிட். ஏ.சி. மட்டும்!

2022 செப்டம்பரில் வந்த கட்டணப் பட்டியலில் 500 யூனிட் என்பது ஒரு வேலி. அதைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. கீழ்ப்படியில் மலிவாகக் கிடைத்த யூனிட்டுக்கும் விலை கூடிவிட்டது. அம்மா பிளக்கைப் பிடுங்கியதில் அர்த்தம் இருக்கிறதா, இல்லையா?

இப்போது விசிறிக்கு வருவோம். பழைய மாதிரி மேல்விசிறி சுமார் 75 வாட். ஒரு நாளில் 20 மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட். 60 நாளில் 90 யூனிட். மூன்று விசிறிக்கு 270.

புது மாதிரி பி.எல்.டி.சி. விசிறி சுமார் 30 வாட்தான். அதே மூன்று விசிறி, அதே நேரம் ஓடினால் 108 யூனிட். மிச்சம் 162 யூனிட்! இதற்கு இன்டர்நெட் வேண்டாம். குரலும் வேண்டாம். மூன்று விசிறியை மாற்றினால் போதும்.

ஏ.சி.யிலும் ஒரு விஷயம். 2020 ஜனவரி முதல், நம் நாட்டில் விற்கும் ஏ.சி.யைப் போட்டதும் 24 டிகிரியில் நிற்க வேண்டும் என்று சட்டம். அதை 18க்கு இறக்கி வைத்துவிட்டுப் போர்வை போர்த்திக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்! 1 டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் துறை சொல்கிறது. 26இல் வைத்து மேலே விசிறியையும் ஓட விடுங்கள். விடியற்காலை 3 மணிக்கு ஏ.சி. தானே நிற்கும்படி நேரம் குறித்து வையுங்கள். ஸ்மார்ட் என்ற சொல்லுக்குப் பொருத்தமான வேலை இதுதான்.

மகன் செய்ய வேண்டியது இன்னொன்றும் உண்டு. ஓடுகிற யூனிட் எத்தனை என்று காட்டும் பிளக் விற்கிறது. அதை வாங்கி, எண்ணை அம்மா கண்ணில் படும்படி வைக்கட்டும். "இன்றைக்கு 4 யூனிட்தான் ஆனது" என்று தெரிந்தால் அம்மா பிளக்கைப் பிடுங்கமாட்டார். போடுவதும் நிறுத்துவதும் அவர் கையிலேயே இருக்கட்டும். துபாயில் இருக்கிறவனுக்கு இங்கே எத்தனை டிகிரி என்று தெரியும். அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்பது அம்மாவுக்குத்தான் தெரியும்.

கரண்ட் போனால்?

கரண்ட் போனால் வீட்டில் முதலில் சாகிறது இன்டர்நெட் பெட்டிதான். அது போனால் செல்போன் கட்டளை எதுவும் நடக்காது. சுவரில் சுவிட்சே இல்லாமல் கட்டிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அழகாகத்தான் இருக்கிறது! இரவு 2 மணிக்கு 70 வயதுப் பெரியவர் இருட்டில் சுவரைத் தடவுவதைப் பார்த்தால் அழகாக இராது.

கை சுவிட்ச் கட்டாயம் இருக்க வேண்டும். இன்டர்நெட் பெட்டியை இன்வெர்ட்டரோடு சேர்க்க வேண்டும். இதைவிட முக்கியம், மின்கசிவு ஏற்பட்டால் நொடியில் கரண்டை வெட்டும் உயிர் காக்கும் கருவி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே வெட்டுகிற அளவில் வீட்டுக்கு வாங்க வேண்டும். கூட எர்த் கம்பி சரியாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத வீட்டில் பேசும் பெட்டி எதற்கு?

தண்ணீர் மோட்டாரை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தானியங்கி ஆக்கலாம். தொட்டி நிரம்பினால் நிற்கும். கிணற்றில் தண்ணீர் இல்லாவிட்டாலும் நிற்கும். மோட்டார் கருகாது. தண்ணீர் தெருவில் ஓடாது. வயற்காட்டு விவசாயிகள் இதில் நமக்கு மூத்தவர்கள். நடுராத்திரி மும்முனை மின்சாரம் வந்ததும் பாம்பு தேளுக்கு நடுவே ஓடாமல், படுத்த இடத்திலிருந்தே செல்போனில் மோட்டார் போடப் பழகி வெகு நாளாகிறது.

கேமரா வாசலோடு நிற்கட்டும். கூடத்துக்குள் வேண்டாம். பெண்கள் நடமாடும் இடத்தில் யாரோ எங்கிருந்தோ பார்க்க முடியும் என்றால் அது பாதுகாப்பா? வாசல் கேமராவுக்கும், கம்பெனி போட்டுக் கொடுத்த ரகசிய எண்ணை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

தாத்தா அறையில் ஒரு வெப்பமானி

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. புயல், வெள்ளம் வரிசையில் வெயிலும் சேர்ந்துவிட்டது!

ஆனால் வெயில் தெருவில் மட்டும் கொல்வதில்லை. வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. வியர்வையும் குறைவு. மேல்மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பார்கள். "விசிறி ஓடுகிறதே" என்று நாமும் இருந்துவிடுவோம். காற்று 40 டிகிரியைத் தாண்டினால் விசிறியால் பயன் இல்லை, உடம்பு இன்னும் சூடாகும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது.

ஆகவே பெரியவர் இருக்கும் அறையில் ஒரு வெப்பமானி வையுங்கள். எல்லை தாண்டினால் செல்போனுக்குச் செய்தி அனுப்பும் ரகமும் உண்டு. செய்தி துபாய்க்கு மட்டும் போனால் போதாது. அடுத்த வீட்டுக்கும் போக வேண்டும். தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வரக்கூடியவர் அவர்தான்.

மாடிக்குப் போங்கள்

இத்தனை கருவியும் கீழே. வெயில் இறங்குவது மேலே!

கான்கிரீட் கூரை பகல் முழுவதும் சூட்டைக் குடிக்கிறது. இரவில் அதை நம் தலையில் கக்குகிறது. ஏ.சி. அந்தச் சூட்டோடு விடிய விடியச் சண்டை போடுகிறது. சண்டைக்குப் பணம் நாம் கட்டுகிறோம்.

குஜராத்தில் ஆமதாபாத் நகரம் 2010ஆம் ஆண்டு மே மாத வெப்ப அலையில் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. வழக்கத்தைவிட 1,300 பேருக்கு மேல் அதிகமாக இறந்தார்கள். 2013இல் அந்த நகராட்சி வெயிலுக்கு என்றே ஒரு திட்டம் போட்டது. பிறகு ஏழைகள் வீட்டுக் கூரைக்கு வெள்ளை அடிக்கும் வேலையும் அதில் சேர்ந்தது. வெள்ளைக் கூரைக்குக் கீழே 2 முதல் 5 டிகிரி வரை சூடு குறைவு என்று கண்டார்கள். தெலுங்கானா 2023இல் இதற்கு என்றே தனிக் கொள்கை கொண்டு வந்தது.

அடுப்படிக்கு மேலே இருக்கிற கூரைக்கு முதலில் அடியுங்கள். பிறகு பெரியவர் அறைக்கு மேலே. பணம் மிஞ்சினால் மற்ற இடம். சுண்ணாம்பு மழையில் கரையும், ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். கூரைக்கு என்று விற்கும் வெள்ளைப் பெயிண்ட் விலை அதிகம், ஆனால் சில ஆண்டு தாங்கும்.

எதை அடித்தாலும் மாசி மாதத்துக்குள் அடித்துவிட வேண்டும். சித்திரை பிறந்தால் மொட்டை மாடியில் காலே வைக்க முடியாது!