அகாசியின் மாணாக்கர் கற்ற பாடம்

யூபிலி மலர் ஒன்றை விரித்தால், பழைய மாணவர் தம் ஆசிரியரை நினைந்து எழுதிய கட்டுரைகள் பல அதிலே காணப்படும். அது நன்றியறிதலின்பாற்பட்டது, வேண்டப்படுவதுமாம். ஆயின் அக்கட்டுரைகளிலே ஆசிரியரின் பெருமைக்கு நாம் காட்டும் சான்று யாது? அவரிடம் கற்றோருள் இத்தனை பேர் வைத்தியராயினர், இத்தனை பேர் பொறியியலாளராயினர் என்பதே. பரீட்சைப் பெறுபேறே ஆசிரியரை அளக்கும் கோலாகிவிட்டது. இக்கோல் சரியானதுதானா என்னும் ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. அமெரிக்காவிலே விலங்கியல் கற்பித்த ஒரு பேராசிரியரையும், அவரிடம் கற்றோர் பின்னாளில் எழுதிவைத்த அநுபவங்களையும் முன்வைத்து அவ்வையத்தை ஈண்டு ஆராய விரும்புகிறேன்.

அப்பேராசிரியர் பெயர் லூயி அகாசி. 1807 ஆம் ஆண்டிலே சுவிற்சர்லாந்திற் பிறந்தவர். கல்லாய்ப் போன பழைய மீன்களை ஆராய்ந்து பெரும் புகழ் எய்தியவர். பனிக்கட்டி ஆறுகள் ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரும்பகுதியை மூடிக்கிடந்தன என்பதை 1837 இலே எடுத்துரைத்து, 1840 இலே நூலாகவும் வெளியிட்டவர். 1846 இல் அமெரிக்கா சென்று, அடுத்த ஆண்டு ஹாவாட் பல்கலைக்கழகத்திலே பேராசிரியரானார். 1859 இலே அங்கு ஒப்பியல் விலங்கியல் நூதனசாலையை நிறுவினார். 1873 இல் இறக்கும்வரை அங்கேயே கற்பித்தார்.

அவரிடம் பூச்சியியல் கற்க விரும்பிச் சென்றவர் சாமுவேல் ஸ்கடர் என்னும் இளைஞர். ஆசிரியர் அவருக்குப் பூச்சியைக் கொடுக்கவில்லை. மதுசாரத்தில் இட்டுவைத்த மீன் ஒன்றைச் சாடியிலிருந்து எடுத்துக் கொடுத்து, இதனைப் பார், கண்டதைப் பின்னர் கேட்பேன் என்ற கருத்துப்படச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பத்து நிமிடத்திலே, பார்க்கக்கூடியதெல்லாம் பார்த்தாயிற்று என்று ஸ்கடர் எண்ணினார். ஆசிரியரைத் தேடினார், அவர் அங்கில்லை. அரைமணி நேரம் சென்றது; ஒரு மணி நேரம் சென்றது. பூதக்கண்ணாடி பயன்படுத்தலாகாது, வேறு கருவியும் கூடாது. இரு கைகள், இரு கண்கள், ஒரு மீன், அவ்வளவே. சலிப்பு மிகுந்து, அதன் வாயினுள் விரலை விட்டுப் பல்லின் கூர்மையைப் பார்த்தார்; செதில்களை வரிசை வரிசையாக எண்ணினார். ஈற்றில் மீனை வரையத் தொடங்கினார். வரையத் தொடங்கியதும் அதுவரை காணாதன பல கண்ணிற் படலாயின.

ஆசிரியர் திரும்பி வந்து கேட்டார். பூ, செட்டை, இமையற்ற கண், பிளவுபட்ட வால் என்று ஸ்கடர் அடுக்கினார். ஆசிரியருக்கு அது போதவில்லை. கண்ணெதிரே வெளிப்படையாக இருக்கும் ஒன்றை நீ காணவில்லை என்று சொல்லி, மீண்டும் பார்க்க ஏவினார். மாலையானதும் மீனை வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்து சிந்தித்து வருமாறு அனுப்பிவிட்டார். ஓர் இரவு முழுவதும் காணாத மீனைப் பற்றிய சிந்தனை. மறுநாட் காலை, மீனின் இருபுறமும் ஒத்த உறுப்புகள் இணை இணையாக அமைந்திருப்பதைத்தானா ஐயா கருதுகிறீர்கள் என்று அவர் வினாவ, ஆசிரியர் பெரிதும் மகிழ்ந்தார். இனி என்ன செய்வது என்று கேட்டபோது கிடைத்த விடை மீண்டும் அம்மீனைப் பார்க்கவேண்டும் என்பதே. அவ்வாறு மூன்று நாள். நாலாம் நாள் அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு மீன். அதன்பின் அக்குடும்பம் முழுவதும். எட்டுத் திங்கள் கழிந்தபின்பே பூச்சிக்கு வந்தார். பிற்காலத்தில் வண்ணத்துப்பூச்சிகளையும் வெட்டுக்கிளிகளையும் ஆராய்ந்து பேரறிஞரான ஸ்கடர், தாம் கற்ற பூச்சியியற் பாடங்களுள் மிகச் சிறந்தது அந்த மீன்தான் என்று 1874 இலே எழுதினார். அகாசியார் மறைந்த மறு ஆண்டு அது.

1859 இலே அவரிடம் சேர்ந்த நதானியல் ஷேலர் என்பவரின் அநுபவமும் இத்தகையதே. அவருக்குக் கிடைத்தது துருப்பிடித்த தகரத் தட்டொன்றிலே சிறு மீன். அதனைப் பற்றி எவருடனும் பேசலாகாது, எந்நூலையும் வாசிக்கலாகாது. ஆசிரியரின் மேசை அருகிலேதான் இருந்தது. ஆயினும் ஏழாம் நாள் வரை அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டபோது, ஷேலர் ஒரு மணி நேரம் விரித்துரைத்தார். ஆசிரியரோ, அது சரியன்று என்று சொல்லி எழுந்து போய்விட்டார். ஷேலர் தம் குறிப்புகளை எறிந்துவிட்டு, நாளுக்குப் பத்து மணி நேரமாக இன்னொரு கிழமை அம்மீனோடு போராடினார். அதற்கப்பால், பல மீன்களின் எலும்புகளை ஒன்றாய்க் கலந்து குவித்து, இதனை ஒழுங்குபடுத்து என்றார் ஆசிரியர். அதற்கு ஏறத்தாழ இரண்டு திங்கள் சென்றன. பின்னாளிலே ஷேலர் அதே பல்கலைக்கழகத்திற் புவிச்சரிதவியற் பேராசிரியராக விளங்கினார்.

இவற்றை வாசிக்கும் போது பவணந்தி முனிவரின் நன்னூல் நினைவுக்கு வருகின்றது. ஆறுமுகநாவலர் காண்டிகையுரை கண்ட அந்நூலிலே மாணாக்கருக்கு எட்டு உவமைகள் கூறப்பட்டுள்ளன. நீரை விலக்கிப் பாலை உண்ணும் அன்னமும், கண்ட புல்லை மேய்ந்து பின்னர் இருந்து அசைபோடும் பசுவும் தலை மாணாக்கருக்கு உவமை. சொல்லிக் கொடுத்ததை மட்டும் சொல்லும் கிளி இடை மாணாக்கருக்கு உவமை. கிளியைக் கடையாக வைக்காதது நன்னூலாரின் கருணை. ஆயினும் தலையாகவும் வைத்தாரல்லர் என்பதை நாம் மறந்துவிட்டோம். நம் காலத்துப் பரீட்சைகள் கிளிக்கே முதலிடம் கொடுக்கின்றன. அகாசியாரோ, சொல்லிக் கொடுக்க மறுத்ததன் மூலம், தம் வகுப்பிலே கிளி பிழைக்க முடியாதபடி செய்தார். பகலெல்லாம் பார்த்ததை இரவிலே வீட்டிலிருந்து எண்ணிய ஸ்கடர், பசுவைப் போல அசைபோட்டவரேயாவர்.

இம்முறையைக் குறையற்றதென்று நான் கூறவில்லை. 1865 இலே அகாசியாருடன் பிறேசில் நாட்டுக்குச் சென்ற மாணவருள் ஒருவர் வில்லியம் ஜேம்ஸ். பின்னர் உளவியலிலும் தத்துவத்திலும் உலகப்புகழ் பெற்றவர். அவர் 1896 இல் ஆற்றிய நினைவுரையிலே, ஆமை ஓடும் சிப்பியும் நிறைந்த அறையிலே மாணவனை நூலுமின்றிச் சொல்லுமின்றி விட்டுவைக்கும் வழக்கத்தைக் குறிப்பிட்டு, சிலர் நெடுநாள் துன்புற்று உண்மையைக் கண்டனர், சிலர் ஒருபோதும் கண்டாரல்லர் என்ற உண்மையையும் மறையாது சொன்னார். காணாது போனவர்கள் நினைவுக் கட்டுரை எழுதுவதில்லை. எழுதியவை யாவும் வென்றவர் சொல் என்பதை நாம் மறத்தலாகாது. வழி தெரியாது தவிக்கும் பிள்ளைக்கு ஒரு சொல் உதவுவது ஆசிரியனின் கடமையேயாம்.

இனி, இக்கதையின் மறுபக்கத்துக்கு வருவோம். நான் சொல்ல வந்தது அதிலேதான் அடங்கியிருக்கிறது.

1859 நவம்பர் மாதத்திலே டார்வினின் உயிரினத் தோற்றம் பற்றிய நூல் வெளிவந்தது. அகாசியார் அதனை முற்றாக எதிர்த்தார். ஒவ்வோர் இனமும் இறைவன் தனித்தனியே படைத்தது, மாறாதது என்பது அவர் துணிபு. இறந்த பின் 1874 சனவரியில் வெளிவந்த கடைசிக் கட்டுரையிலும் அவர் அதனையே சாதித்தார். வியப்பு யாதெனில், கல்லாய்ப் போன மீன்களை அவர் வரிசைப்படுத்திய முறையும், பழங்கால விலங்குகள் இக்கால விலங்குகளின் கருவை ஒத்திருத்தலை அவர் கண்டு கூறியதும் டார்வினுக்கே துணையாயின. எல்லாரையும் பார்க்கச் சொன்னவர், தம் கண்முன் இருந்ததைக் காணத் தவறினார்.

ஆனால் அவர் மாணாக்கர் கண்டனர். ஷேலரும் அவர் நண்பர் ஒருவரும் ஆசிரியர் அறியாது டார்வினின் நூலைப் பற்றி விவாதித்தனர். ஹையற், பக்கார்ட், மோர்ஸ், வெரில் முதலாய மாணவர் பலரும் காலப்போக்கிற் பரிணாமக் கொள்கையை ஏற்றனர். எட்வேட் மோர்ஸ் 1877 இலே யப்பான் சென்று, தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் விலங்கியற் பேராசிரியராகி, அக்கொள்கையை அந்நாட்டவர்க்கு விரிவுரைகளால் அறிமுகப்படுத்தினார். அவ்வாண்டே ஓமோரி என்னுமிடத்திலே சிப்பிமேட்டை அகழ்ந்து, அந்நாட்டின் தொல்பொருளாராய்ச்சிக்கு வழிதிறந்தவரும் அவரே. ஓடும் புகைவண்டியிலிருந்து பார்த்தபோது அம்மேடு அவர் கண்ணிற் பட்டது என்பர். அங்ஙனம் பார்க்கப் பழக்கியவர் அகாசியாரே.

ஆசிரியர்க்கும் மாணவர்க்குமிடையே பிணக்கும் உண்டாயிற்று. நூதனசாலையிலே பணிபுரிவோர் தம் ஆராய்ச்சியைத் தம் விருப்பப்படி வெளியிடலாகாது என்ற விதியினால் மனம் நொந்து, 1864 அளவிலே மாணவர் பலர் அவரைவிட்டு நீங்கினர். அவருட் சிலர் சேலம் என்னும் அமெரிக்க நகரிலே கூடி, 1867 இல் இயற்கை ஆராய்ச்சிக்கென ஒரு சஞ்சிகை தொடங்கினர். அப்படிப் பிரிந்தவர்களும் தம் கண்ணைத் திறந்தவர் அவரே என்பதை மறுத்தாரல்லர்.

இன்னொன்றும் சொல்லாது விடுதல் நேர்மையன்று. மனிதரைப் பார்க்கும்போது அகாசியார் மீனைப் பார்த்தது போலப் பார்க்கவில்லை. மனித இனங்கள் வெவ்வேறாகப் படைக்கப்பட்டவை, கறுப்பர் தாழ்ந்தவர் என்னும் முற்சாய்வுடனேயே பார்த்தார். 1850 இலே தென் கரோலினாவில் அடிமைகளாயிருந்தோரை ஆடை களைந்து படம் பிடிப்பித்தார். அடிமை முறையை நியாயப்படுத்தியோருக்கு அவர் கூற்றுகள் ஆயுதமாயின. அவர் வாழ்ந்த கேம்பிரிட்ஜ் நகரிலே அவர் பெயர் தாங்கியிருந்த பாடசாலை ஒன்றுக்கு, 2002 இலே, அப்பாடசாலையின் தலைமையாசிரியராக நெடுங்காலம் விளங்கிய மரியா போல்ட்வின் என்னும் கறுப்பின அம்மையாரின் பெயர் சூட்டப்பட்டது. பொருத்தமான தீர்ப்பு அது.

இவற்றிலிருந்து யான் கொள்ளும் முடிபு ஒன்றே. ஆசிரியன் தரும் முடிவுகள் பிழையாகலாம். எத்துணைப் பெரியவராயினும் பிழையாகலாம். அவன் தந்த கண் பிழையாயிருத்தலாகாது. தன் முடிவுகளையே திருத்தத்தக்க கண்ணை மாணாக்கனுக்குக் கொடுத்தவன் எவனோ அவனே நல்லாசிரியன். அகாசியார் தம் முடிவுகளை மட்டும் எழுதுவித்திருந்தால், அவர் பிழையும் மாணாக்கருடைய கொப்பிகளிலே வாழ்ந்திருக்கும். மீனைக் கொடுத்தமையால், பிழை அவரோடு மாய்ந்தது, பார்வை வாழ்ந்தது.

குருபக்தி மிக்க சமுதாயம் நம்முடையது. ஆசிரியரோடு மாறுபடுதல் துரோகமென்று நம்மிற் பலர் கருதுவர். அன்று. அன்னம் பாலைக் கொண்டு நீரை விடுத்தல் பாலுக்குச் செய்யும் துரோகமாகுமா? ஆசிரியரிடமிருந்து கொள்ளத்தக்கதைக் கொண்டு, தள்ளத்தக்கதைத் தள்ளுதலே அவருக்குச் செய்யும் உயர்ந்த வழிபாடு.

இனி நம் நிலையைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். உயர்தர வகுப்பு மாணவன் பகலிலே பாடசாலையிலும், மாலையிலும் விடுமுறையிலும் தனியார் வகுப்புகளிலும் இருக்கிறான். நூற்றுக்கணக்கானோர் கூடிய கொட்டகையிலே அச்சடித்த குறிப்பு அவன் கையிற் கிடைக்கிறது. கடந்தகால வினாத்தாள்களின் விடைகள் மனப்பாடமாகின்றன. தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று கேட்டால் உடனே சொல்வான். முற்றத்திலே தாவும் தவளையை நின்று பார்க்க அவனுக்கு நேரமில்லை. பிள்ளையைக் குறைகூறுதல் தகாது. பல்கலைக்கழக இடங்கள் சில, போட்டி பெரிது, பெற்றோரின் அச்சம் நியாயமானது. தனியார் வகுப்பு ஆசிரியரும் தம் தொழிலை உழைத்தே செய்கின்றனர். ஆயினும், கிளிகளை உருவாக்கும் வேலையைப் பிறர் ஏற்றுக்கொண்ட பின்பு, பாடசாலையும் அதனையே செய்வதில் யாது பயன்? பிறரால் தரமுடியாத ஒன்றையாவது நம் கல்லூரி ஆய்வுகூடம் தரவேண்டாமா?

அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஆறாம் வகுப்பிலிருந்தே, தவணைக்கு ஒரு நாளாவது, புத்தகமும் குறிப்பும் இன்றி ஒரு பொருளை மாணவன் முன் வைத்துப் பார்க்கவும் வரையவும் விடலாம். சந்தையிலே வாங்கிய சூடை மீன் ஒன்று போதும். மீன் வேண்டாத சைவப் பிள்ளைக்கு வேலியிலே நிற்கும் பூவரசின் இலை போதும். சிறுவயதிலே அவ்விலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாதவர் நம்முள் யாருமில்லை. அதன் அடிப்புறத்திலே, காம்போடு நரம்பு சேருமிடத்துக்கு அருகில், தேன் சுரக்கும் சிறு குழியொன்று இருப்பதையும், அதனை நாடி எறும்பு வருவதையும் எத்தனை பேர் கண்டோம்? நூறு முறை கையிலெடுத்த இலையை ஒரு முறையும் பார்க்காதிருந்தோம் என்று தெரியும் அந்தக் கணத்திலேதான் உயிரியல் தொடங்குகிறது.

இந்த யூபிலி ஆண்டிலே கல்லூரிக்குக் கட்டடமும் கருவியும் வழங்கப் பழைய மாணவர் பலர் முன்வந்திருப்பர். வரவேற்கத்தக்கதே. அவற்றோடு, அவசரமின்றி ஒரு பொருளைப் பார்ப்பதற்கான நேரத்தையும் நம் பிள்ளைகளுக்குப் பெற்றுக் கொடுப்போமாக. அந்நேரத்தைப் பெற்ற பிள்ளை நாளை நம் கூற்றையும் பிழையென்று சொல்லக்கூடும். சொல்லட்டும். அதனைக் கேட்டு மகிழும் ஆசிரியர் எந்தக் கல்லூரியில் உளரோ, அந்தக் கல்லூரிக்கே யூபிலி தகும்.