101 பதக்கங்களும் ஆட்சியாளர்கள் தர வேண்டிய கணக்கும்

புதுதில்லியில் 2010 அக்டோபர் 3ஆம் தேதி தொடங்கிய 19வது காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் 14ஆம் தேதி நிறைவுபெற்றன. 71 அணிகள் பங்கேற்ற இப்போட்டிகளில், போட்டியை நடத்திய நாடான இந்தியா 38 தங்கம், 27 வெள்ளி, 36 வெண்கலம் என 101 பதக்கங்களை வென்று ஆஸ்திரேலியாவுக்கு அடுத்த இரண்டாம் இடத்தைப் பிடித்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் மெல்போர்னில் கிடைத்தது 22 தங்கம் உள்ளிட்ட 50 பதக்கங்கள்தான். இறுதி நாளன்று பாட்மிண்டன் மகளிர் ஒற்றையர் ஆட்டத்தில் சாய்னா நேவால் வென்ற தங்கம், இங்கிலாந்தை ஒரே ஒரு தங்கப்பதக்க வித்தியாசத்தில் மூன்றாம் இடத்துக்குத் தள்ளியது. நாட்டு மக்கள் அனைவரும் பெருமிதம் கொள்ளத்தக்க சாதனை இது. வீரர்களும் வீராங்கனைகளும் அவர்களது பயிற்சியாளர்களும் மனமார்ந்த பாராட்டுக்குரியவர்கள்.

தடகளத்தில் இந்தியாவின் 52 ஆண்டுக் காத்திருப்பு இப்போட்டிகளில் முடிவுக்கு வந்திருக்கிறது. 1958இல் கார்டிஃபில் மில்கா சிங் வென்ற தங்கத்துக்குப் பிறகு, காமன்வெல்த் தடகளத்தில் இந்தியாவுக்குத் தங்கம் கிடைக்கவே இல்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர், ஒரு குழந்தையின் தாயான கிருஷ்ணா பூனியா. மகளிர் வட்டு எறிதலில் அவர் தங்கம் வெல்ல, ஹர்வந்த் கவுரும் சீமா அன்டிலும் வெள்ளியையும் வெண்கலத்தையும் பெற்று, மேடையின் மூன்று படிகளிலும் இந்தியப் பெண்களே நின்றனர். ஜிம்னாஸ்டிக்ஸில் ஆஷிஷ் குமார் வென்ற வெள்ளியும் வெண்கலமும் அந்த விளையாட்டில் இந்தியா பெற்ற முதல் காமன்வெல்த் பதக்கங்கள். மேசைப்பந்து ஆடவர் இரட்டையரில் சுபஜித் சாஹாவுடன் இணைந்து சென்னையைச் சேர்ந்த சரத் கமல் தங்கம் வென்றுள்ளார்.

இந்தச் சாதனையாளர்கள் யார்? வில்வித்தையில் இரண்டு தங்கம் வென்ற அப்போது 16 வயதான தீபிகா குமாரி, ராஞ்சியில் ஆட்டோ ரிக்‌ஷா ஓட்டும் தொழிலாளியின் மகள். மல்யுத்தத்தில் தங்கம் வென்ற சுஷில் குமார், ஓட்டுநர் ஒருவரின் மகன். 10,000 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் பெற்ற கவிதா ராவத், நாசிக் மாவட்டத்தின் பழங்குடிக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர். மல்யுத்தம், குத்துச்சண்டை, பளுதூக்குதல் ஆகியவற்றில் பதக்கம் பெற்றோரில் பலர் ஹரியானாவின் சிறு விவசாயக் குடும்பங்களையும் மணிப்பூரின் எளிய குடும்பங்களையும் சேர்ந்தவர்கள். ஆட்சியாளர்கள் ஓயாமல் பேசும் ‘ஒளிரும் இந்தியா’வில் இடமில்லாமல் வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகள்தான், அந்த இந்தியாவின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

வீராங்கனைகளின் வெற்றிக்கு இன்னொரு பொருளும் உண்டு. மகளிர் மல்யுத்தத்தில் தங்கம் வென்ற கீதா போகாட், ஹரியானா மாநிலம் அப்போதைய பிவானி மாவட்டத்தின் பலாலி கிராமத்தைச் சேர்ந்தவர். அவரது தங்கை பபிதா வெள்ளி வென்றிருக்கிறார். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஹரியானாவில் ஆயிரம் ஆண்களுக்கு 861 பெண்களே இருந்தனர். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே இந்த விகிதம் 819 ஆகச் சரிந்திருந்தது. ஒரே கோத்திரத்தில் மணம் புரிந்துகொண்ட இளம் தம்பதியைக் கொலை செய்த வழக்கில் ஐந்து பேருக்குக் கர்னால் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது 2010 மார்ச் மாதத்தில்தான். கருவிலேயே பெண்ணை அழிப்பதும், துணையைத் தானே தேர்ந்தெடுக்கும் பெண்ணைக் கொல்வதும் தொடரும் மண்ணில், மல்யுத்தக் களத்தில் இறங்கி உலக மேடையில் நின்ற இந்தப் பெண்கள், காப் பஞ்சாயத்துகளின் அதிகாரத்துக்கு நேரடியாக விடுத்த சவாலாக விளங்குகிறார்கள். அப்பஞ்சாயத்துகளின் வாக்கு வங்கிக்கு அஞ்சி வாய்மூடிக் கிடக்கும் அரசியல்வாதிகள், வெற்றி பெற்றவர்களுக்கு மாலையிட மட்டும் முண்டியடிப்பது வெட்கக்கேடு.

ஏழை வீட்டுப் பிள்ளைகள் பயிற்சிக் களம்வரை வந்து சேர்ந்தது எப்படி என்பதையும் பார்க்க வேண்டும். குடும்பத்தின் தியாகம் முதல் காரணம். அடுத்த காரணம் பொதுத்துறை. ரயில்வே, ராணுவம், காவல்துறை, எண்ணெய் நிறுவனங்கள், பொதுத்துறை வங்கிகள் ஆகியவை விளையாட்டு ஒதுக்கீட்டின்கீழ் அளிக்கும் வேலைவாய்ப்பே பல்லாயிரம் வீரர்களுக்கு வாழ்வாதாரம். கிருஷ்ணா பூனியாவும் சுஷில் குமாரும் அப்போது ரயில்வே ஊழியர்களாக இருந்தனர். மாதச் சம்பளமும், பயிற்சிக்கான விடுப்பும், ஓய்வுபெற்ற பின்னும் வாழ வழியும் இருந்தால்தான் ஒரு விவசாயியின் மகளோ தொழிலாளியின் மகனோ பத்தாண்டுகளை மைதானத்தில் செலவிட முடியும். பொதுத்துறைப் பங்குகளை விற்றும், பணியிடங்களை நிரப்பாமல் ஒழித்தும், நிரந்தர வேலையை ஒப்பந்த வேலையாக மாற்றியும் வரும் மத்திய அரசு, பதக்கங்களைச் சுமந்து நிற்கும் அடித்தளத்தைத் தானே தோண்டிக்கொண்டிருக்கிறது. கிரிக்கெட் வீரர்களை ஏலம் எடுக்கும் பெருமுதலாளிகளில் எத்தனை பேர் ஒரு வட்டு எறியும் பெண்ணைத் தேடிக் கிராமத்துக்கு வருவார்கள்?

அரசு இம்முறை வீரர்களுக்கு எதுவுமே செய்யவில்லை என்று கூறிவிட முடியாது. போட்டிகளுக்கு அணியைத் தயார்படுத்த 678 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டத்துக்கு 2008இல் ஒப்புதல் அளிக்கப்பட்டது. வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் வந்தனர். முகாம்கள் தொடர்ந்து நடந்தன. விளையாட்டு அறிவியல் உதவியும் ஓரளவு கிடைத்தது. அதற்கான பலன் பதக்கப் பட்டியலில் தெரிகிறது. வாய்ப்பும் வசதியும் தந்தால் இந்த நாட்டின் பிள்ளைகள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர் என்பது நிரூபணமாகிவிட்டது. அப்படியானால் கடந்த அறுபது ஆண்டுகளாக அந்த வாய்ப்பு மறுக்கப்பட்டதற்குப் பொறுப்பு யார்? தில்லியில் விருந்தினர் முன் தலைகுனிவு நேரக்கூடாது என்பதற்காகத் திறக்கப்பட்ட நிதி, விருந்தினர் ஊர் திரும்பியதும் மூடப்பட்டுவிடுமா? வீரர்களும் பயிற்சியாளர்களும் இப்போது எழுப்ப வேண்டிய முதல் கேள்வி இதுவே.

அந்தக் கேள்விக்கு அழுத்தம் சேர்ப்பது மற்றொரு கணக்கு. தில்லி மாநில அரசு, தலித் மக்களின் மேம்பாட்டுக்கான சிறப்புக் கூறுத் திட்டத்திலிருந்து அறுநூறு கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகையைக் காமன்வெல்த் பணிகளுக்குத் திருப்பிவிட்டது. இது நாடாளுமன்றத்தில் எழுப்பப்பட்டபோது மத்திய உள்துறை அமைச்சரே மறுக்க முடியவில்லை. நாட்டின் ஒட்டுமொத்த அணியையும் தயார்செய்ய ஒதுக்கிய தொகைக்கு ஏறத்தாழ ஈடான தொகை, தலித் குடும்பங்களின் கல்விக்கும் வீட்டுக்கும் வாழ்வுக்கும் உரிய நிதியிலிருந்து பறிக்கப்பட்டிருக்கிறது. அதே வேளையில், விளையாட்டு வீரர்கள் கிராமத்தைக் கட்டிய தனியார் நிறுவனம் நிதி நெருக்கடி என்று கைவிரித்தபோது, தில்லி வளர்ச்சி ஆணையம் 333 அடுக்குமாடி வீடுகளை எழுநூறு கோடி ரூபாய்க்கும் மேல் கொடுத்து வாங்கி அதைக் கைதூக்கிவிட்டது. ‘பொது-தனியார் கூட்டு’ என்பதன் உண்மைப் பொருள் இதுதான்.

அரங்கங்களைக் கட்டிய தொழிலாளர்களின் நிலையோ கொடுமையானது. 1982இல் தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோதும் கட்டுமானத் தொழிலாளர்கள் இவ்வாறே சுரண்டப்பட்டனர். ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் ஒன்றியம் தொடுத்த அந்த வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23வது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. 28 ஆண்டுகளுக்குப் பின், அதே நகரில், அதே அமைப்பு மீண்டும் நீதிமன்றம் செல்ல வேண்டியிருந்தது. தில்லி உயர் நீதிமன்றம் அமைத்த குழு, குறைந்தபட்சக் கூலி தரப்படவில்லை, பாதுகாப்புச் சாதனங்கள் இல்லை, கழிப்பிட வசதிகூட முறையாக இல்லை என்று அறிக்கை அளித்தது. நேரு விளையாட்டரங்கம் அருகே நடைபாலம் இடிந்து விழுந்து இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் காயமுற்றது, தொடக்க விழாவுக்குச் சில நாட்களுக்கு முன்புதான். பந்தயத்தில் வென்றவர்களின் பெயர் பதிவேட்டில் ஏறும். ஓடுதளம் அமைக்கும்போது உயிரிழந்தவர்களின் பெயரும் அவர்தம் குடும்பத்துக்கு வழங்கிய இழப்பீடும் எந்தப் பதிவேட்டில் உள்ளன?

குடிசைகள் இடிக்கப்பட்டன. எஞ்சியவை ‘ஷேரா’ புலியின் படம் தாங்கிய விளம்பரப் பலகைகளால் மறைக்கப்பட்டன. நடைபாதை வியாபாரிகள் விரட்டப்பட்டனர். தில்லிப் பல்கலைக்கழக மாணவர்கள் விடுதிகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். இவ்வளவுக்கும் பிறகு தொடக்க நாட்களில் அரங்கங்களில் காலி இருக்கைகளே காட்சியளித்தன. ஏழை மக்களை நகரைவிட்டே அப்புறப்படுத்தி நடத்தப்பட்ட விழாவில், அந்த ஏழைகளின் பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்க ஆளில்லாமல் போனதில் வியப்பென்ன இருக்கிறது?

இறுதி நாளன்று தியான் சந்த் அரங்கில் ஆஸ்திரேலியாவிடம் 0-8 என்ற கணக்கில் ஹாக்கி அணி அடைந்த தோல்வியையும் மறைக்கத் தேவையில்லை. உலகக்கோப்பைப் போட்டிகள் தில்லியில் தொடங்கச் சில வாரங்களே இருந்த நிலையில், 2010 ஜனவரியில் புனே முகாமில் இந்த வீரர்கள் தங்களுக்கு வர வேண்டிய தொகைக்காகப் பயிற்சியைப் புறக்கணித்துப் போராட வேண்டியிருந்தது. நாட்டுக்காக ஆடுகிறவர் பணம் கேட்பதா என்று அப்போது அவர்களுக்கு தேசபக்தி போதிக்கப்பட்டது. சம்மேளன நிர்வாகிகளின் பதவிச் சண்டைக்கு மட்டும் அந்தப் போதனை பொருந்தவில்லை. உழைப்புக்கு உரிய ஊதியம் கேட்பது ஆலையில் எவ்வளவு நியாயமோ, மைதானத்திலும் அவ்வளவு நியாயமே.

பதக்கம் கைநழுவினால் என்ன நேரும் என்பதைத் தமிழகம் அறியும். செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த புதுக்கோட்டை சாந்தி, 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையின் பேரில் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டபோது, அவருக்காக வாதாட நாட்டின் எந்த விளையாட்டு அமைப்பும் முன்வரவில்லை. மேடையில் நிற்கும்வரை நாட்டின் மகள், மேடையைவிட்டு இறங்கினால் நாதியற்றவர் என்பதே இவர்களது நடைமுறை.

விளையாட்டு வேறு வகையிலும் வளர முடியும். 1.1 கோடி மக்களே வாழ்ந்த கியூபா, சோசலிச முகாம் சிதைந்து கடும் நெருக்கடி சூழ்ந்த 1991இல், ஹவானாவில் அமெரிக்கக் கண்ட நாடுகளின் போட்டிகளை நடத்தியது. போட்டியை நடத்திய நாட்டு வீரர்கள் 140 தங்கம் வென்று, 130 தங்கம் பெற்ற அமெரிக்காவை முந்தினர். மறு ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் 14 தங்கத்துடன் ஐந்தாம் இடம் பெற்று, அது சொந்த மண்ணின் சலுகையால் வந்த வெற்றியன்று என்பதையும் காட்டினர். விளையாட்டைக் குடிமக்களின் உரிமையாக ஏற்று, பள்ளி தோறும் அதைக் கொண்டு சென்றதன் விளைவு அது. இங்கோ கிராமப்புற விளையாட்டுக்கான ‘பைக்கா’ திட்டத்தில் ஓர் ஊராட்சிக்கு மைதானம் அமைக்க அப்போது ஒருமுறை தரப்பட்டது 1 லட்சம் ரூபாய். சீனா, அமெரிக்கா, ரஷ்யா இடம்பெறாத, பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் எல்லைக்குட்பட்ட போட்டியில் பெற்ற இரண்டாம் இடம், அந்த ஒரு லட்சத்தை மறைத்துவிடாது. 2010 நவம்பர் 12 அன்று குவாங்சோவில் ஆசியப் போட்டிகள் தொடங்கின. அதற்கு இரண்டே ஆண்டுகளில் லண்டன் ஒலிம்பிக் நடந்தது.

போட்டிகள் முடிந்த மறுநாளே, முறைகேடுகளை ஆராய வி.கே. ஷுங்லு தலைமையில் குழு அமைப்பதாக அப்போதைய பிரதமர் அறிவித்தார். வரவேற்கத்தக்கதே. ஆனால் சுரேஷ் கல்மாடியையும் ஏற்பாட்டுக் குழுவையும் மட்டும் பலிகடாவாக்கி, மத்திய அமைச்சகங்களும் தில்லி அரசும் தப்பித்துக்கொள்ள அனுமதிக்கக் கூடாது. ஒவ்வொரு ரூபாயின் கணக்கும் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். திருப்பிவிடப்பட்ட தலித் மேம்பாட்டு நிதி முழுமையாகத் திரும்பச் செலுத்தப்பட வேண்டும். கட்டுமானத் தொழிலாளர்களின் கூலி பாக்கியும், உயிரிழந்தோர் குடும்பங்களுக்கான இழப்பீடும் உடனே வழங்கப்பட வேண்டும். வீரர்களுக்கான பயிற்சித் திட்டம் நிரந்தரமாக்கப்பட வேண்டும். கட்டப்பட்ட அரங்கங்கள் தனியாரிடம் போகாமல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் உழைப்பாளி மக்களின் குழந்தைகளுக்கும் திறந்துவிடப்பட வேண்டும்.

101 பதக்கங்கள் கிடைத்துவிட்டன, இனி ஊழலைப் பற்றிப் பேசி மகிழ்ச்சியைக் கெடுக்காதீர்கள் என்று கார்ப்பரேட் ஊடகங்களில் அப்போது ஒரு குரல் கேட்கத் தொடங்கியது. வீரர்களின் வியர்வையைக் கொண்டு களவாணிகளின் கறையைக் கழுவும் இந்த முயற்சியை மக்கள் ஏற்கமாட்டார்கள். ஆட்டோ ஓட்டுநரின் மகள் குறி தவறாமல் எய்து தன் கடமையை நிறைவேற்றிவிட்டாள். கணக்கு சொல்ல வேண்டிய கடமை ஆட்சியாளர்களுடையது. அதை அவர்கள் நிறைவேற்றும்வரை ஜனநாயக சக்திகள் ஓயக்கூடாது.