ஜப்பான் காலமும் ஜப்பான் பேயும்

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டு அந்தமானுக்கு இணையம் கொடுத்தார்கள். அதில் ஏறி வந்தவர்களில் முக்கியமானவர் ஜப்பான் பேய். முன்பெல்லாம் இங்கே வீடியோ போட்டால் திரையில் சக்கரம் சுற்றுவதைத்தான் பார்ப்போம். இப்போது போர்ட் பிளேரில் (ஸ்ரீ விஜயபுரம் என்று சொல்ல இன்னும் வாய் பழகவில்லை) பிள்ளைகள் டியூஷன் விட்டு வந்ததும் அனிமேதான்.

அண்ணன் மகள் புண்ணியத்தில் நானும் ‘சம்மர் டைம் ரெண்டரிங்’ பார்த்தேன். 2022-இல் வந்த தொடர், 25 பகுதிகள். கூட வளர்ந்த உஷியோ என்ற பெண் கடலில் மூழ்கி இறந்துவிட்டாள் என்று, டோக்கியோவில் படிக்கும் ஷின்பேய் தன் தீவுக்குத் திரும்புகிறான். பிணத்தின் கழுத்தில் நெரித்த தடம். மனிதர்களை அச்சாக நகலெடுத்து, அசலைக் கொன்றுபோடும் ‘நிழல்கள்’ ஊருக்குள் நடமாடுகின்றன. பையன் செத்தால் காலம் பின்னோக்கிப் போய் மறுபடி எழுகிறான்.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது பேய்க்கு முன்னால் வரும் சங்கதிகள். படகு, சாவு வீட்டில் கூடும் அக்கம்பக்கம், கோடைத் திருவிழா, ஊர்க்காரர்களின் வட்டாரப் பேச்சு எல்லாம் அவ்வளவு சுத்தம். இத்தனையும் நம்பியாகிவிட்ட பிறகு நிழலை நம்ப மாட்டேன் என்று அடம்பிடிக்க முடியவில்லை. நம் படங்களிலோ பேய் பங்களாவை விட்டு வெளியே வராது. நாலு காமெடியன், ஒரு மந்திரவாதி, முடிந்தது கதை.

“சித்தப்பா, இது நம்ம ராஸ் தீவு மாதிரியே இருக்கு!” என்றாள் அண்ணன் மகள். அவள் சொன்னது சரி. கதைத் தீவுக்கு மாதிரியாக இருந்தது வாகயாமா பக்கத்துத் தொமோகஷிமா. மெய்ஜி காலத்துப் பீரங்கி மேடைகள் செங்கல் பெயர்ந்து, காட்டுக்குள் கிடக்கும் இடம். நம் ராஸில் (2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு) தேவாலயத்தையும் ரொட்டிக் கிடங்கையும் மர வேர்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வேர் ஒரு சுவரின் ஜன்னல் வழியாக நுழைந்து, அடுத்த சுவரைக் கவ்வியிருக்கும். ஜெட்டியில் இறங்கியதும் ஜப்பான்காரர்கள் கட்டிய பதுங்கு குழி. அதன்மேல் சாய்ந்து செல்ஃபி எடுக்காதவர் இல்லை.

அந்த ஜப்பான்காரர்கள் 1942 மார்ச் 23 அன்று இங்கே வந்திறங்கி, மூன்றரை வருடம் ஆண்டார்கள். எங்கள் பெரியவர்கள் ‘ஜப்பான் காலம்’ என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்கள். 1943 டிசம்பர் 30 அன்று நேதாஜி இங்கே கொடியேற்றினார். அந்தப் படம் எல்லாப் பாடப்புத்தகத்திலும் உண்டு. அதே நாட்களில் செல்லுலார் சிறையில் உளவாளிப் பட்டம் கட்டி இந்தியர்களை வதைத்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சாபிக் கவிஞரான டாக்டர் திவான் சிங் காலேபாணி ஜனவரி 14 அன்று அந்தச் சித்திரவதையில் இறந்தார். ஜனவரி 30 அன்று ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். கொடியேறிச் சரியாக ஒரு மாதம்.

நிழல்களின் பெயரை ஒப்பிக்கும் என் அண்ணன் மகளுக்கு ஹம்ஃப்ரிகஞ்ச் ஒரு பஸ் நிறுத்தம், அவ்வளவுதான். அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கேள்வி பதிலாகக் கொடுத்தால் எந்தப் பிள்ளைக்கும் அது இரண்டு மதிப்பெண் வினாதான். அவள் பேசுகிற மாதிரி, வீட்டில் தமிழும் தெருவில் இந்தியுமாக, மெயின்லேண்ட் கப்பல் டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்கும் ஒரு பிள்ளையின் கதைக்குள் அந்த 44 பேர் வர வேண்டும். வெளியூர்க்காரர் யாராவது எழுதினால் கடற்கரையும் தென்னையும்தான் வரும்.

ஆகவே தீவுப் பிள்ளைகளே, நீங்களே எழுதுங்கள். டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும் ஊர் இது, பேய்க்கென்று தனி ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. பாட்டி தாத்தா இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் அத்தியாயம் முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.