வயசு கிடக்கட்டும், பலம் என்ன?

பாளையங்கோட்டை ஸ்டேஷனில் திருச்செந்தூர் வண்டிக்குக் காத்திருக்கும்போது, தண்டவாளத்துக்கு அடியில் கொஞ்சம் பாருங்கள். (இறங்க வேண்டாம், பிளாட்பாரத்திலிருந்தே தெரியும்.) வரிசையாகப் படுத்திருக்கும் கான்கிரீட் சிலீப்பர் கட்டைகள். ஒவ்வொன்றும் கால் டன்னுக்கு மேல். கிலோமீட்டருக்கு ஆயிரத்து ஐந்நூறு என்று வைத்தாலும், திருச்செந்தூர் வரை 80 ஆயிரத்துக்கு மேல் தேறும். இந்தப் பாதை அகலப் பாதையானது 2008-ல்.

2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கிறதா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ஏறக்குறைய 800 பேரோடு நின்றுபோனது செந்தூர் எக்ஸ்பிரஸ். ஜல்லியும் மண்ணும் அரித்துப் போய், தண்டவாளம் சிலீப்பரோடு சேர்ந்து துணிக்கொடி மாதிரி அந்தரத்தில் தொங்கியது. போட்டோவைப் பார்த்து 'உச்' கொட்டினோம். ஜனவரி முதல் வாரத்தில் வண்டி மறுபடி ஓடியது. ராப்பகலாக உழைத்தவர்களுக்கு ஒரு சல்யூட்.

சரி, கண்ணுக்குத் தெரிந்த சேதத்தைச் சரி செய்தாச்சு. தெரியாத சேதத்தை?

சிலீப்பருக்குள் எஃகுக் கம்பிகளை முதலில் இழுத்துப் பிடித்துக்கொண்டு, கான்கிரீட் ஊற்றி, இறுகியதும் விடுவார்கள். கம்பி சுருங்கப் பார்க்கும், கான்கிரீட்டை நெருக்கும். பலமே அந்த நெருக்கலில்தான். வில்லங்கமும் அதில்தான். அடியில் ஜல்லி சரியாக இல்லாவிட்டால் கட்டை ஏடாகூடமாக வளையும். வண்டி ஏறும்போது கீறல் விடும், போனதும் கம்பி இழுத்து மூடிக்கொள்ளும். டார்ச் அடித்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. டாக்டரைக் கண்டதும் இருமலை அடக்கிக்கொள்கிற தாத்தா மாதிரி!

போதாததற்கு, சீக்கிரம் இறுக வேண்டும் என்று தொழிற்சாலையில் இட்லி மாதிரி ஆவியில் வேகவைக்கிறார்கள். சூடு அளவு மீறினால், வருஷங்கள் கழித்து ஈரம் பட்டுப்பட்டு உள்ளுக்குள்ளேயே வீங்கி வெடிக்கலாம்.

"அதெல்லாம் 50 வருஷம் தாங்கும் சார்" என்பார்கள். ஜெர்மனியில் கார்மிஷ்-பார்டென்கிர்ஹென் பக்கம் 2022 ஜூன் 3-ந் தேதி ரயில் தடம்புரண்டு 5 பேர் செத்தார்கள். முக்கியக் காரணம் சேதமடைந்த கான்கிரீட் சிலீப்பர் என்றது விசாரணை. அப்புறம்தான் அலறியடித்துக்கொண்டு சுமார் 2 லட்சம் கட்டைகளைச் சோதிக்கக் கிளம்பினார்கள். துல்லியத்துக்குப் பேர்போன நாட்டின் லட்சணம் அது.

கட்டையின் மிச்ச பலத்தை அறிய நேரான வழி ஒன்று உண்டு. பாதையிலிருந்து பிடுங்கு, ஜாக்கி வைத்து அமுக்கு. முதல் கீறல் எத்தனை டன்னில், முறிந்தது எத்தனை டன்னில் என்று குறித்துக்கொள். புதுசில் தாங்கியதோடு ஒப்பிடு. தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும் புதுக் கட்டைகளில் மாதிரி எடுத்து இப்படித்தானே சோதிக்கிறார்கள்? பதினைந்து வருஷம் உழைத்து, வெள்ளத்தில் ஊறிய கட்டைக்கும் அதையே செய்தால் என்ன? வெறும் வயசை வைத்து மாற்றினால் நல்ல கட்டை குப்பைக்குப் போகும், கெட்டது பாதையில் கிடக்கும். ரெண்டும் நம்ம காசு.

புது ரயில் கேட்டு மனு கொடுக்கிறோம், கொடியசைக்க மந்திரி வந்தால் மாலை வாங்குகிறோம். 'கட்டையை முறித்துப் பார்த்தீர்களா' என்று கேட்க ஒரு எம்.பி. உண்டா?

பாளையங்கோட்டையில் தடுக்கி விழுந்தால் காலேஜ். பக்கத்திலேயே அரசு பொறியியல் கல்லூரி. வருஷத்துக்குப் பத்துக் கட்டை கொடுங்கள், சிவில் பசங்க முறித்துக் கணக்கு சொல்வார்கள். ரிசல்ட்டை ஸ்டேஷனில் டைம் டேபிள் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.