கிருமி யார் வூட்டுது?

எண்ணூர் கழிமுகத்துத் தண்ணியில கிருமி இருக்கு, இறங்காதேன்னு படித்தவர்கள் புத்தி சொல்கிறார்கள். கிருமி இருப்பது நிசம். ஆனால் தோழர்களே, அது யார் உடம்புக்குள் போகிறது? படகில் போகிறவர் மேல் நாலு சொட்டு தெறிக்கும். நம்ம இருளர் சனமோ கொசஸ்தலையாற்றில் கழுத்தளவுத் தண்ணியில மணிக்கணக்காக ஊர்ந்து வெறுங்கையால் எறா தடவுகிறது. பறியைப் பல்லால் கடித்திருப்பதால் வாய்க்குள்ளும் அதே தண்ணி. சிப்பி கிழித்த விரல் வழியே விப்ரியோ போன்ற கிருமி நுழைந்தால் கை அழுகும், உயிரும் போகலாம்.

விப்ரியோ உப்புத்தண்ணியில் இயற்கையாகவே உண்டு என்பார்கள். சரி. மலக்கிருமியும் இயற்கையா? பட்டணத்துச் சாக்கடை பக்கிங்காம் கால்வாய் வழியாக இங்கேதான் வருகிறது. அனல்மின் நிலையச் சாம்பலும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலி எண்ணெய்க் கழிவும் வந்து சேர்ந்தது இங்கேதான்.

1927இல் மகாத் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்ததும், தீட்டாச்சு என்று சாணியும் மாட்டு மூத்திரமும் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தது சாதி இந்துக் கூட்டம். நம்ம கை பட்டால் தீட்டு. அவன் வூட்டுப் பீ நம்ம வாயில் போனால் நகர வளர்ச்சியா?

வேறு வேலை தராமல் 'இறங்காதே' என்றால் பட்டினி கிட என்றுதான் அர்த்தம். நான் கேட்கிறேன்: சாக்கடையைச் சுத்திகரிக்காமல் விடாதே. பழவேற்காடு முதல் எண்ணூர் வரை எறா தடவும் இடங்களில் தண்ணியைச் சோதித்து, முடிவைத் தமிழில் ஊர்ச்சுவரில் எழுது. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி அரசு மருத்துவமனைகளில், கைப்புண்ணோடு வருகிறவரை 'தண்ணியில இறங்கினீங்களா'ன்னு கேட்டு வைத்தியம் பார்.

நுண்ணுயிரியல் படிக்கும் தம்பி தங்கைகளே, பாட்டிலோடு வாருங்கள். எங்கே தண்ணி எடுக்கணும்னு சனம் காட்டும்.