ஒரே ரேஞ்சில் சுத்தும் பங்கு... இன்ட்ராடேவில் கையில் நிற்பது எவ்வளவு? முழு விளக்கம்

ஒரு பங்கு காலையில் இருந்து 500 ரூபாய்க்கும் 508 ரூபாய்க்கும் நடுவிலேயே ஏறி இறங்குகிறது. "கீழே வந்தா வாங்கு, மேலே போனா வித்துடு, அவ்வளவுதான்!" கேட்க ரொம்ப ஈஸியாக இருக்கிறது. ஆனால் கணக்கு போட்டுப் பார்த்தால் கதையே வேறு.

ரேஞ்ச் டிரேடிங் என்றால் என்ன?

விலை இறங்கும்போதெல்லாம் வாங்க ஆள் வரும் இடம் சப்போர்ட். ஏறும்போதெல்லாம் விற்க ஆள் வரும் இடம் ரெசிஸ்டன்ஸ். இந்த இரண்டுக்கும் நடுவில் பங்கு பக்கவாட்டில் நகரும்போது, சப்போர்ட் அருகே வாங்கி ரெசிஸ்டன்ஸ் அருகே விற்பதுதான் ரேஞ்ச் டிரேடிங். அன்றைக்கே வாங்கி அன்றைக்கே விற்றால் அது இன்ட்ராடே.

1 ரூபாய் லாபம்... உண்மையில் எவ்வளவு?

100 பங்குகளை 501 ரூபாய்க்கு வாங்கி 502க்கு விற்றால் லாபம் 100 ரூபாய். ஆனால் தரகுக் கட்டணம் ஒவ்வொரு பக்கமும் 0.03 சதவீதம் என்று வைத்தால், அதுவே சுமார் 30 ரூபாய். விற்கும்போது 0.025 சதவீதம் எஸ்டிடி வரி, அதோடு சந்தைக் கட்டணம், முத்திரைத்தாள் வரி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்தால் செலவு சுமார் 53 ரூபாய். கையில் நிற்பது வெறும் 47 ரூபாய்!

அதே 1 ரூபாய் விலை இறங்கினால்? நஷ்டம் 100, செலவு 53, மொத்தம் 153 ரூபாய் காலி. அதாவது 100 முறை டிரேட் செய்தால் 77 முறை ஜெயித்தால்தான் லாபப் பக்கமே எட்டிப் பார்க்க முடியும்.

அப்போ அகலமான ரேஞ்ச் சரியா?

ஓரளவுக்கு சரி. 501க்கு வாங்கி 507ல் விற்க இலக்கு, 498ல் ஸ்டாப் லாஸ் என்று வைத்தால், ஜெயித்தால் சுமார் 547 ரூபாய், தோற்றால் 353 ரூபாய். 10ல் 4 முறை ஜெயித்தாலே தப்பிக்கலாம். ஆனால் ரேஞ்ச் எப்போது உடையும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு செய்தி வந்தால் போதும், பங்கு சப்போர்ட்டை உடைத்துக்கொண்டு கீழே போய்விடும். "திரும்ப மேலே வரும்" என்று காத்திருந்து ஸ்டாப் லாஸை எடுத்துவிடுபவர்கள், பல நாள் லாபத்தை ஒரே நாளில் விடுகிறார்கள்.

இதில் 5 மடங்கு வரை மார்ஜின் வேறு. சுமார் 10 ஆயிரம் ரூபாயை வைத்து 50 ஆயிரத்துக்கு பங்கு வாங்கலாம். அப்படி வாங்கினால், மேலே சொன்ன 353 ரூபாய் நஷ்டம் சொந்தப் பணத்தில் 3.5 சதவீதம்!

செபி சொல்வது என்ன?

2024 ஜூலையில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23 நிதியாண்டில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் 10ல் 7 பேருக்கு நஷ்டம். 30 வயதுக்குட்பட்டவர்களில் நஷ்டமடைந்தவர்கள் 76 சதவீதம். ஆண்டுக்கு 500 முறைக்கு மேல் டிரேட் செய்தவர்களில் இது 80 சதவீதம். நஷ்டமடைந்தவர்கள், விட்ட பணத்தில் 57 சதவீதத்துக்குச் சமமான தொகையை கட்டணமாகவும் கூடுதலாக இழந்துள்ளனர். அடிக்கடி வாங்கி விற்கத் தூண்டும் ரேஞ்ச் டிரேடிங்குக்கு இது நேரடி எச்சரிக்கை.

வரியில் கழித்துக்கொள்ளலாமா?

முடியாது. இன்ட்ராடே வருமானம் ஊக வணிகக் கணக்கில் வரும். அதில் வந்த நஷ்டத்தை சம்பளத்தில் கழிக்க முடியாது. ஊக வணிக லாபத்தில் மட்டுமே, அடுத்த 4 ஆண்டுகள் வரை ஈடுகட்டலாம்.

என்ன செய்யலாம்?

டிரேட் எடுக்கும் முன் பார்க்க வேண்டியது இரண்டு விஷயம். ரேஞ்சின் அகலம் செலவைப் போல பல மடங்கு இருக்கிறதா? உடைந்தால் எங்கே வெளியேறுவது? இரண்டுக்கும் பதில் இல்லை என்றால், அன்றைக்கு சும்மா இருப்பதே லாபம்தான்.