ஆய்வகத்துத் துல்லியமும் கழிமுகத்துச் சேறும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், அத்திப்பட்டை அடுத்த எண்ணூர் கழிமுகத்தில் படர்ந்தது. மீனவர்கள் படகேறி வாளிகளில் அதை அள்ளினர். எண்ணெயை உண்ணும் நுண்ணுயிரிகளை ஏவக்கூடாதா என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது.

இது புதிய கனவன்று. வங்கத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்ரவர்த்தி, பல பிளாஸ்மிட்டுகளை ஒரே பாக்டீரியாவில் சேர்த்து அத்தகைய நுண்ணுயிரியை உருவாக்கினார். 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதற்குக் காப்புரிமை பெறலாம் என்றது. இன்றைய முறை இன்னும் நுட்பமானது. வேண்டிய மாற்றத்தைத் தாங்கிய சிறு டி.என்.ஏ. துண்டைப் பிளாஸ்மிட்டில் பொருத்தி, வளையம் முழுவதையும் நகலெடுத்து, பழைய பிரதியை நொதியால் அழித்துவிடுகின்றனர். ஒற்றை எழுத்தைக்கூடக் குறிவைத்து மாற்றலாம். இதற்கு வித்திட்ட மைக்கேல் ஸ்மித் 1993இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆனால், மரபணுவைத் திருத்துவதால் மட்டும் கழிமுகம் திருந்திவிடாது. எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜனும் நைட்ரஜனும் பாஸ்பரசும் வேண்டும்; எண்ணெய் ஊறிய சேற்றின் ஆழத்தில் ஆக்சிஜன் அரிது. திறந்த நீரில் விட்ட உயிரியைத் திரும்ப அழைக்கவும் இயலாது. மரபணு மாற்றிய நுண்ணுயிரிகளை வெளியிட அரசின் முன் அனுமதியை 1989ஆம் ஆண்டு விதிகள் கட்டாயமாக்கியிருப்பது இதனாலேயே.

திருத்திய நொதிகளை மூடிய தொட்டிகளில், ஆலைக் கழிவைச் சுத்திகரிக்கப் பயன்படுத்தலாம். அதற்கான ஆய்வை அரசு ஊக்குவிக்க வேண்டும். ஆனால், எண்ணெயை ஆலை வாசலிலேயே தடுக்கும் கடமைக்கு அது மாற்றாகாது. நாளை வரப்போகும் நுண்ணுயிரியைக் காட்டி இன்றைய கண்காணிப்பைத் தளர்த்தினால், வாளியோடு மீண்டும் இறங்கப்போவது அதே மீனவர்கள்தாம்.